மாலை பட்ட இடம்

என் வீட்டு முன்னறைச் சுவரில் மச்சானின் பென்சில் படம் ஒன்று இருக்கிறது. அதில் கழுத்துக்குக் கீழே கடதாசி தேய்ந்து மெலிந்துபோய், சட்டைக் கொலரின் ஒரு பக்கத்தையே காணவில்லை. "ஏன் இந்த இடத்திலை மட்டும் இப்பிடி?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லிச் சமாளிப்பேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது?

வரைந்தது மாமி, என் அப்பாவின் தங்கை. முரசுமோட்டையில் தையல் மெஷினோடு சீவித்தவர். சாறிக் கரைக்குப் பூவும் கொடியும் போட்டுப் பழகிய கை அது, முகம் வரைந்ததில்லை. கடைசி யுத்தம் முடிந்து எல்லோருமாகச் செட்டிகுளம் முகாமுக்குப் போகும் வழியில், அவருடைய ஒரே மகனான என் மச்சானை ஆமிக்காரர் இறக்கி வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. வீட்டிலிருந்த படங்கள் இடம்பெயர்வோடு போய்விட்டன. மகனைக் காட்டித் தேட ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்றபோதுதான் மாமி பென்சிலை எடுத்தார்.

முதல் படம் தேடுவதற்காக வரைந்தது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருசமும் மச்சானின் பிறந்த நாளன்று, இப்போது அவன் எப்படி இருப்பான் என்று புதிதாக ஒன்று வரைவார். மாதிரிக்கு நான். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே குடும்பத்து மூக்கு. என்னைக் கதிரையில் இருத்தி, போன வருசத்துக்கு இந்த வருசம் எவ்வளவு மாறியிருக்கிறேன் என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடி மகனைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பென்சில் ஓடும். என் நெற்றி ஏறினால் அவனுக்கும் ஏறும், எனக்கு நரை விழுந்தால் அவனுக்கும் விழும். தொந்தியை மட்டும் அவனுக்குக் கொடுக்கமாட்டார். "உனக்குக் கந்தோரிலை பைல் பாத்துக் கதிரையிலை இருந்து இருந்து வந்த வண்டி, தம்பி. அவன் ஓடித்திரியிற பிள்ளை, அவனுக்கு வராது." எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். அவன் இனி வரமாட்டான் என்று மனதுக்குள் நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன். ஆனாலும் அந்தக் கதிரையில் இருக்கும் வரை அவன் எங்கோ சவரம் செய்துகொண்டு, சோறு தின்றுகொண்டு, என்னைப் போலவே வயதாகிக்கொண்டிருந்தான்.

படங்களுக்குக் கண்ணாடி போட விடமாட்டார். "கண்ணாடி போட்டால் செத்தவையின்ரை படம் மாதிரிக் கிடக்கும்" என்பார்.

வன்னி ஓவியர்களின் படங்களைக் கிளிநொச்சியில் கண்காட்சியாக வைத்துப் பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாமிதான் அந்தரப்பட்டார். "கன சனம் வரும் தம்பி. ஆராவது இந்த முகத்தை எங்கையாவது கண்டிருப்பினம்." அந்த வருசத்துப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். 'என் மகன், இந்த வருசம்' என்று பெயர் வைத்தார். முதற்பரிசு அதற்குத்தான்.

பிரதம விருந்தினர் நல்ல மனுசர். அதுதான் கொடுமை. மேடையில் வைத்திருந்த படத்தின் முன்னால் நின்று கண் கலங்கினார். அப்போதுதான் தன் கழுத்தில் விழுந்த செவ்வந்தி மாலையைக் கழற்றிப் படத்துக்குப் போட்டார். தனக்கு விழுந்த மாலையைத் தான் மதிக்கிறவருக்குப் போடுவது பெரியவர்கள் வழக்கம். ஆனால் படத்துக்கு மாலை விழுந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்வரிசையில் ஒருவர் எழுந்து தலையைக் குனிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபமே மச்சானுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டு நின்றது.

மாமி மேடைக்கு ஏறினார். "ஐயா, என்ரை பிள்ளை இருக்கிறான். கழட்டுங்கோ."

விருந்தினருக்கு விளங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். மாமியே மாலையைக் கழற்றி, மடித்து, அவர் கையில் கொடுத்தார். மரியாதைக்குப் பரிசுக் கேடயத்தையும் வாங்கிக்கொண்டார். மிச்ச நேரமெல்லாம் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையைக் கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கையைப் பிடித்து, "மனதைத் தேற்றுங்கோ அம்மா" என்றுதான் சொன்னார்கள்.

மாலை ஈரம். படத்தில் மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. மாமி அழிறப்பரால் தேய்த்தார், பேக்கரிப் பாண் துண்டால் ஒற்றி எடுத்துப் பார்த்தார். தேய்ந்தது கடதாசிதான்.

அடுத்த பிறந்த நாளுக்கு வழமைபோலப் போய்க் கதிரையில் இருந்தேன். மாமி என்னைப் பார்த்தார். கண்ணை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

"மாலையோடைதான் வாறான் தம்பி" என்றார்.

பென்சிலைத் தையல் பெட்டிக்குள் போட்டார். பிறகு ஒருநாளும் வரையவில்லை. அந்த விருந்தினர் மேல் எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன்.

போன மாரியில் மாமி செத்துப்போனார். அவருடைய படத்துக்குக் கண்ணாடி போட்டு, மாலையும் போட்டு முன்னறையில் மாட்டினேன். மகனுடைய அந்தப் பரிசுப் படத்தைக் கண்ணாடி இல்லாமலே பக்கத்தில் மாட்டினேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் அதற்கும் சேர்த்து ஒரு மாலை கொண்டுவந்திருந்தார். "அதுக்கு வேண்டாம் அண்ணை!" நான் போட்ட சத்தத்தில் குசினிக்குள் நின்றவர்களும் ஓடிவந்தார்கள்.

போன கிழமை மச்சானின் பிறந்த நாள். பழக்கதோசத்தில் கதிரையை இழுத்துப்போட்டுப் படத்துக்கு முன்னால் இருந்தேன். என் மீசை முழுக்க வெள்ளை, கடைவாய்ப்பல்லும் போய்விட்டது. தேய்ந்த கடதாசிக்கு மேலே அவன் அந்த வருசத்து முகத்தோடேயே இருக்கிறான். எனக்கு மட்டும் வயது போகிறது.