கால்சாவில் கிழட்டுப் பிக்கப் திருத்துகிறோம்

பழைய பிக்கப் ஒன்றைத் திருத்தக் கையில் எடுத்தால், வண்டியோடு சேர்த்து அந்த வீட்டுச் சனமும் கராஜுக்குள் வந்துவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பழைய வண்டிக்குக் கீழே படுத்திருக்கிறவர்களுக்கும், அவர்களைக் கலியாணம் கட்டி மாட்டிக்கொண்டவர்களுக்கும்கூடத் தெரியும்.

நான் இலங்கை மன்னார்க்காரன். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்த எங்கள் ஆட்களைப் போலவே நானும் முதலில் சிஞ்ஞோராமாரின், அதாவது அந்த ஊர் அம்மாமாரின், வீடுகளில் தரை துடைத்தேன். ஒருநாள் சிஞ்ஞோரா ஒருவரின் கார் ஸ்ரார்ட் ஆகவில்லை. நான் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, பொனெற்றைத் திறந்து ஒரு வயரை இழுத்துப் பொருத்தினேன். பார்த்துக்கொண்டு நின்ற அவரின் தம்பி, "நீ இஞ்சை நிண்டு என்ன செய்யிறாய்?" என்று கேட்டுவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு போனான். அவன்தான் தொத்தோ. பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில், யாரோ ஒரு பிரபுவின் குதிரைகள் முன்பு நின்ற கல்மண்டபத்தில் அவனுடைய கராஜ் இருந்தது. அந்தோனி என்ற என் பெயரை அன்றைக்கே நீனோ ஆக்கிவிட்டான். இப்போது நாங்கள் பங்காளிகள். ஊரில் உள்ள கிழட்டுப் பிக்கப்புகளைத் திருத்துகிறோம். கேட்டால் புது பிறேக், புது விளக்கு, புது எஞ்சின்கூடப் போட்டுக் கொடுப்போம்.

மீன் வாசம்

மீன்காரர் ஒருவரின் பிக்கப்பை ஒரு வழக்கறிஞர் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். மொண்டெல்லோவுக்குக் கடல் குளிக்கப் போகும்போது அதில் போய் இறங்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். பார்த்தார்கள்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு. வினாகிரி, எலுமிச்சம் சாறு, கோப்பித் தூள் என்று நாங்கள் போட்டுத் தேய்க்காத பொருள் இல்லை. கடைசியில் பின்தட்டுத் தகரத்தைக் கழற்றினால், அதற்குக் கீழே ஒரு சட்டிக் குழம்புக்குக் காணும் அளவுக்குக் காய்ந்த மீன். தகரத்தை மாற்றி, நீல நிறம் அடித்துக் கொடுத்தோம். வழக்கறிஞர் தட்டுக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகப் போனார்.

கொஞ்ச நாளில் மறுபடி வந்து நின்றார். மனிதருடைய மூக்குக்குத்தான் ஒன்றுமில்லை. வண்டியை எங்கே விட்டாலும் அந்தத் தெருவின் பூனைகள் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொள்கின்றனவாம். விரட்டினால் சீறுகின்றனவாம். ஒன்று தட்டிலேயே குட்டி போட்டுவிட்டதாம். குட்டிகளை எழுப்ப மனம் வராமல் அன்றைக்குக் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போனாராம். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சிஞ்ஞோர் நீனோ, இந்த வண்டி என்ரை பேரிலை எழுதியிருக்கு எண்டு பூனையளுக்கு ஆர் சொல்லுறது?"

ஒரு மிதி கூட

பக்கத்து ஊரான பகேரியாவில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கிற சிஞ்ஞோரா கொன்செத்தாவிடம் இளம் வயதிலேயே எடுத்த லைசன்ஸ் இருந்தது. ஆனால் அவரின் புருஷன் பெப்பே தன் பிக்கப்பின் கதவைத் தவிர வேறெதையும் அவரைத் தொட விட்டதில்லை. பெப்பேக்கு முழங்காலில் ஒப்பரேஷன் நடந்து கிளச் மிதிக்க முடியாமல் போன பிறகுதான் வண்டியின் திறப்பு, அதுதான் சாவி, சிஞ்ஞோராவின் கைக்கு வந்தது. ஸ்ரியரிங் இரும்பாய்க் கனக்கிறது, லேசாக்கித் தா என்றார். ஸ்ரியரிங் தண்டில் ஒரு சின்ன மோட்டரைப் பூட்டிக் கொடுத்தோம். சிஞ்ஞோரா ஒரு விரலால் வளைத்துக்கொண்டு போன அழகைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் பெப்பே, தேர்தலில் தோற்றவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நாளில் திரும்ப வந்தபோது பெப்பேயின் சப்பாத்து கிழிந்திருந்தது, கணுக்காலில் சிராய்ப்பு. முன்னால் எந்த வண்டி வந்தாலும் தன் பக்கத்துத் தரையை பிறேக் என்று நினைத்து ஓங்கி ஓங்கி மிதித்திருக்கிறார். அந்தத் தகரமோ கறள் பிடித்தது. பகேரியா ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் குறுக்கே வர, மனிதரின் கால் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டது.

"நான் உடனை நிப்பாட்டினதாலை காலோடை வீட்டை வந்தார்" என்றார் சிஞ்ஞோரா.

"பிந்தித்தான் நிப்பாட்டினவள்" என்றார் பெப்பே.

தொத்தோ சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, தடித்த தகரமாய்ப் போட்டு ஒட்டித் தருகிறேன் என்றேன். சிஞ்ஞோரா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, புருஷனுக்கும் கேட்கும்படியாகவே இரகசியம் சொன்னார்: "இவரின்ரை பக்கத்திலையும் ஒரு பிறேக் மிதி வைச்சுவிடு, மகன். ஒண்டோடையும் பொருத்தாதை."

சுவாமியாரும் மலையும்

எங்கள் தேவாலயப் பங்குச் சுவாமியார் ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். பழைய அலுமாரி, மெத்தை, பாண் என்று ஏழைபாழைகளின் வீடுகளுக்கு அதில் ஏற்றிப் போவார். ஏற்றம் ஏறினால் எஞ்சின் சூடாகிறது என்று கொண்டுவந்தார். தொத்தோ வண்டிக்குக் கீழே போய்ப் பார்த்துவிட்டு, "சூடு கிடக்கட்டும் சுவாமி, இந்த பிறேக் ரப்பர் குழாய் வண்டி பிறந்த அண்டைக்குப் போட்டது, முதல்லை அதை மாத்துவம்" என்றான். சுவாமியாருக்கு அவசரம். "சூட்டை மட்டும் பாருங்கோ, மற்றதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்" என்றார்.

றேடியேற்றரைக் கழுவி, புது விசிறி பூட்டி, சோதித்துப் பார்க்க அவரையும் ஏற்றிக்கொண்டு மொண்டே பெல்லெக்ரீனோ மலைக்குப் போனேன். ஏறும்போது சூடு காட்டுகிற ஊசி அசையவில்லை. சுவாமியார் பாட்டுக்கூடப் பாடினார். இறங்கும்போது ஒரு வளைவில் பிறேக்கை மிதித்தேன், மிதி பஞ்சுமாதிரி தரைவரை போனது. மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. கீழே மொண்டெல்லோக் கடல் பளபளவென்று கிடந்தது. இரண்டாம் கியர், முதல் கியர் என்று இறக்கினேன், எஞ்சின் ஓலமிட்டது. கைபிறேக்கை இழுத்தால் கருகிய மணம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. சுவாமியார் இத்தாலியனில் 'ஆவே மரியா' தொடங்க, நான் தமிழில் 'அருள் நிறைந்த மரியே' தொடங்கினேன். மாதாவுக்கு எது விளங்கியதோ தெரியாது, அடுத்த வளைவில் ரோட்டு வேலைக்காரர் கொட்டி வைத்திருந்த ஒரு மண்மேடு தெரிந்தது. ஸ்ரியரிங்கை மலைப்பக்கம் ஒடித்து அதற்குள் செருகினேன்.

வண்டி நின்றது. மட்காட் நெளிந்ததோடு சரி. என் விரல்கள் ஸ்ரியரிங்கை விட்டு வர மாட்டேன் என்றன. சுவாமியார் மெல்ல இறங்கினார், நாங்கள் போயிருக்கக்கூடிய பள்ளத்தை எட்டிப் பார்த்தார், ஒரு கல்லில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீனோ, ஆண்டவர் பார்த்திட்டார். இனி நீங்கள் ரெண்டுபேரும் பாருங்கோ."

சத்தம் விற்பவர்

மிம்மோ தெருத்தெருவாக ஸ்பின்சோனே விற்கிறவர். தக்காளியும் வெங்காயமும் போட்டுச் சுடுகிற தடித்த ரொட்டி அது. புகைக்கிற வண்டிகளுக்குத் தடையுள்ள நகர நடுவுக்குள் போய்ப் போய்த் தண்டம் கட்டி அலுத்து, பிக்கப்புக்கு மின்சார மோட்டர் போடச் சொன்னார். பழைய எஞ்சினைத் தூக்கி இறக்கியபோது தொத்தோ தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான். வேலை நன்றாகவே முடிந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

அதுதான் வினை. மிம்மோவின் எஞ்சின் இருமுவதைக் கேட்டுத்தான் மேல்மாடிப் பெண்கள் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார்கள். இப்போது அவர் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. கத்திக் கூவலாமே என்றால், தொண்டை சரியில்லை என்றார். ஒலிபெருக்கியில் பதிந்த கூவலைப் போடலாமே என்றால், அது எல்லாரிடமும் இருக்கிறது, என் சத்தம்தான் வேண்டும் என்றார். மூலையில் கிடந்த பழைய எஞ்சினுக்கு பற்றறியும் பெற்றோலும் கொடுத்து ஓடவிட்டோம். மிம்மோ கைபேசியைப் பிடித்துப் பதிந்துகொண்டார். மறுநாளிலிருந்து புகை இல்லாத வண்டி ஒலிபெருக்கியில் இருமிக்கொண்டு போனது. கூடைகள் இறங்கத் தொடங்கின.

எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, சந்தைக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கிற கார்மேலோ மிம்மோவை மறித்தாராம். தொத்தோவுக்கும் கார்மேலோவுக்கும் ஆகாது. அவர் கண்ணை மூடித் தலையைச் சரித்து ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு, மிகுந்த அக்கறையோடு சொன்னாராம்: "மிம்மோ, உன்ரை எஞ்சினிலை மூண்டாவது ஸ்பார்க் பிளக் அடிக்குதில்லை. அந்தத் தொத்தோட்டைக் குடுக்காமல் என்னட்டைக் கொண்டு வா."

மாப்பிள்ளை வண்டி

சிவென் மொரீஷியஸ் தமிழ்ப் பிள்ளை. சிவன்தான், பிரெஞ்சு வாய்ப்பட்டுச் சிவென் ஆகிவிட்டான். தமிழில் தேவாரம் பாடுவான், மற்றதெல்லாம் என்னோடு இத்தாலியனில்தான் கதைப்பான். நாங்கள் திருத்திய சிவப்புப் பிக்கப் ஒன்றில் மாப்பிள்ளையாகப் போய் இறங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். வாழை கட்டி, தட்டில் பூவும் பழமும் அடுக்கி, முன்னால் நான், பட்டு வேட்டியோடு சிவென், என் மனைவி ஜெசிந்தா என்று மூன்றுபேர் நெருக்கி இருந்து புறப்பட்டோம். துறைமுகம் தாண்டியதும் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது. பெற்றோல் தாங்கியின் கறள் உதிர்ந்து குழாயை அடைத்துவிட்டது. பின்னால் அத்தனை வண்டியும் ஹோர்ன் அடிக்கிறது. மண்டபத்தில் பெண்வீட்டார் ரெலிபோனில் கத்துகிறார்கள். சிவெனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

பின்னால் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கானில் பெற்றோல் வைத்திருந்தேன். அதைக் கூரைக் கம்பியில் சிவெனின் பட்டுச் சால்வையால் இறுக்கிக் கட்டி, மெல்லிய குழாய் ஒன்றைக் கண்ணாடிக்கு மேலால் இறக்கி, நேரே காபரேற்றரில் செருகினேன். வண்டி ஒரு தும்மலோடு எழும்பியது. மெதுவாக உருட்டிக்கொண்டு மண்டப வாசலில் போய் நிறுத்தினோம். மேளம் முழங்கியது, முகூர்த்தமும் தப்பவில்லை. ஜெசிந்தா படுக்கையில் கிடக்கிற நோயாளிகளைப் பராமரிக்கிற வேலை செய்கிறவள். சேலையை உதறிக்கொண்டு இறங்கி, கூரையில் தொங்கிய கானையும் குழாயையும் ஒருதரம் பார்த்தாள். "சேலைன் ஏறுற ஆளை நாங்கள் கட்டிலாலை இறங்கவே விடமாட்டம். நீங்கள் ஊர்வலம் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்."

தொத்தோ படுத்த நாள்

இப்போது அவன் எனக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருப்பதால்தான் இதை என்னால் எழுத முடிகிறது. ஒரு காலைநேரம் தொத்தோ வேலையை விட்டுவிட்டு ஒரு ரயரில் உட்கார்ந்தான். முகம் சாம்பலாகி, வியர்வை ஒழுகியது. இடது கையைப் பிடித்துக்கொண்டு, "நீனோ, நெஞ்சிலை வண்டி தூக்குற ஜக் ஏத்தினமாதிரிக் கிடக்கு" என்றான். அம்புலன்சுக்கு ரெலிபோன் அடித்தேன். எங்கள் தெருவில் கட்டடம் புதுப்பிக்கச் சாரம் கட்டியிருந்தார்கள், அம்புலன்ஸ் பெரிய ரோட்டிலேயே நின்றுவிட்டது. கராஜில் ஓடக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கதவும் இல்லை, பொனெற்றும் இல்லை. ஆசனப் பஞ்சைப் பின்தட்டில் விரித்து அவனைக் கிடத்தினோம். எதிர்ப் பேக்கரிக்காரி ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவசரத்தில் கிளச்சைச் சரியாக விடவில்லை, வண்டி குதித்தது. பின்னாலிருந்து ஒரு சத்தம்: "ரெண்டாவதுக்கு மாத்தடா! கிளச்சை எரிக்காதை!" அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. சாரத்துக்குக் கீழே ஊர்ந்து போகும்போது அவன் சத்தம் அடங்கிவிட்டது. வேண்டுமென்றே கியரைக் கரகரவென்று உரசிப் போட்டேன். உடனே சிசிலிய மொழியில் என் பரம்பரையையே திட்டினான். பிறகென்ன, பெரிய ரோடு வரும்வரை அவன் அமைதியாகும்போதெல்லாம் கியரை உரசினேன். அம்புலன்ஸ்காரரிடம் அவனை ஒப்படைத்த பிறகுதான் நான் தெருவில் உட்கார்ந்து அழுதேன்.

இதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைத்திருந்தனவாம், உள்ளே சின்னக் கம்பிவலை வைத்து விரித்துவிட்டார்கள். போய்ப் பார்த்தபோது கட்டிலில் சாய்ந்துகொண்டு, டாக்டர் கீறிக் காட்டிய படத்தைச் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னான்: "பழைய எஞ்சினிலை ரெண்டு குழாயை மட்டும் புதுசாக்கினால் மற்றதெல்லாம் ஒழுகத் தொடங்கும் எண்டு இந்த டாக்டர்மாருக்குத் தெரியுமோ எண்டு கேள், நீனோ."

எது எப்படியோ, எங்கள் கைபட்டுப் போன வண்டிகள் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, அதனால்தான் திரும்பத் திரும்ப எங்களிடமே ஓடி வருகின்றன.