பார்செக் தூவியவர்

அச்சகத்தில் பிழை திருத்துபவருக்குப் ‘புள்ளி’ என்று பெயர். எழுத்தின் தலையில் விட்டுப்போன புள்ளிகளைப் பிடித்துப் பிடித்தே வந்த பெயர். மாதம் ஒரு விண்வெளி சாகச நாவல் போடும் அச்சகம் அது. முதலாளிக்கு விண்வெளியும் தெரியாது, நாவலும் தெரியாது. அட்டையில் விண்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றால் போதும். எழுதித் தள்ளியவர் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவரை ‘ராக்கெட்’ என்பார்கள்.

ராக்கெட்டைக் கண்டாலே புள்ளிக்கு இளக்காரம். டீ வேளையில் அவரை எதிரே உட்காரவைத்துக்கொண்டே அச்சுக்குப் போகிற தாளை உரக்கப் படிப்பார்.

“கேளுங்கய்யா! எதிரிக் கப்பல் நாலு ஒளியாண்டு தூரத்துல நிக்குதாம். அடுத்த வரியில அதே தூரம் நாலு பார்செக். அதுக்கும் அடுத்த வரியில நாலு கிலோமீட்டர்! ஒளி ஒரு வருஷம் நிக்காம ஓடுற தூரம்யா ஒளியாண்டு. பார்செக் அதைவிட மூணு மடங்குக்கு மேல. இவரு என்னடான்னா ருசிக்கு உப்பு மாதிரி தூவுறாரு.”

“நான் அப்படி எழுதலையே சார்...”

“பின்ன, உங்க பேய் வந்து எழுதிட்டுப் போச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். ராக்கெட் அச்சான தன் புத்தகத்தைத் திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. புள்ளியோ கைப்பிரதியைத் தொடமாட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதெல்லாம் கத்துக்குட்டிகள் வேலையாம். ஒரு நாள் ராக்கெட் வருவதையே நிறுத்திவிட்டார்.

“துரத்திட்டீங்கல்ல? அடுத்ததை நீங்களே எழுதுங்க. அட்டையில உங்க பேரு,” என்றார் முதலாளி.

அடுத்தவன் எழுத்துக்குப் புள்ளி வைத்தே தலை நரைத்தவர் அன்றே ஒரு புதுப் பேனா வாங்கினார். வீட்டில் மனைவி சொன்னாள்: “பேரு வரட்டுங்க. ‘கமா போடுறதெல்லாம் ஒரு வேலையா’ன்னு கேக்குற எங்க அண்ணன் மூஞ்சியில அந்த அட்டையைக் காட்டணும்.”

எழுதினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒளியாண்டுதான். ஒரு பிசகு இல்லை. “நீங்க எழுதினதுல தப்பு எங்க இருக்கப்போகுது?” என்று முதலாளி திருத்தத்துக்கே அனுப்பாமல் நேராக அச்சில் ஏற்றிவிட்டார்.

அச்சான பக்கங்களைப் புள்ளி புரட்டினார். நாலு ஒளியாண்டு. நாலு பார்செக். நாலு கிலோமீட்டர்.

“யாரும்மா என் எழுத்துல கை வெச்சது?”

“நான்தாண்ணே,” என்றாள் டைப் அடிக்கும் பெண். அவள் கம்ப்யூட்டருக்கு மேலே பழுப்பேறிய தாள் ஒன்று, புள்ளியின் சொந்தக் கையெழுத்தில்: ஒரே பத்தியில் ஒரே சொல் இருமுறை வரக் கூடாது. மாற்றுச் சொல் போடவும்.

“நீங்க ஒட்டுனதுதானே? ராக்கெட் சாருக்கும் இப்படித்தான் மாத்திக் குடுப்பேன். அவரு பாவம், ஒளியாண்டு ஒளியாண்டுன்னே எழுதுவாரு.”

மானமுள்ளவன் அப்போதே மன்னிப்புக் கேட்க ராக்கெட் வீட்டுக்குப் போயிருப்பான். புள்ளி முதலாளி அறைக்குப் போனார்.

“அட்டை இன்னும் அச்சுல ஓடலயே? ராக்கெட் பேரையே போட்டுடலாம் சார். வாசகருக்குப் பழகின பேரு.”

முதலாளிக்கு எந்தப் பெயரானால் என்ன. போடச் சொன்னார்.

டைப் அடிக்கும் பெண் தயங்கினாள். “உள்ள முதல் பக்கத்துல உங்க பேரு அச்சாயிடுச்சேண்ணே.”

அவளே சமாதானமும் சொன்னாள்:

“பரவாயில்லண்ணே. அட்டையில ஒரு பேரு, உள்ள ஒரு பேரு. நீங்க ஒட்டுன தாள்படி சரியாத்தான் இருக்கு.”