விடுதிக்காரியின் இரகசியம்

ஜேர்மனியின் ஹம் நகரத்து டொச் மொழி வகுப்பில் தொலைக்காட்சிப் பெட்டி சில்லு வைத்த மேசையில் வரும். ஒரு சில்லு மற்ற மூன்றோடும் எப்போதும் மனத்தாங்கல். ஆசிரியை அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிச் சமாதானம் செய்துவிட்டு, வியாழன்தோறும் ஒரு தொடர்நாடகம் போடுவார். மத்தியதரைக் கடலில் ஒரு தீவு. சொந்த நாட்டை விட்டு வந்து குடியேறிய ஐரோப்பியர்கள். வெள்ளைச் சுவர், நீலக்கடல், ஆளுக்கொரு இரகசியம். அதிலே விடுதி நடத்தும் ஒரு பெண்தான் எல்லாரையும்விடப் பெரியதாக ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள்.

பாவம் ஆசிரியை, எங்கள் காதுக்குப் பயிற்சி என்று நினைத்திருந்தார். அந்த அறையில் இருந்தவர்களோ அகதி விசாரணையில் வெந்து தணிந்தவர்கள். எந்த வழியால் வந்தாய், போனமுறை வேறு மாதிரிச் சொன்னாயே என்று துருவித் துருவிக் கேட்கப்பட்டவர்களுக்கு நாடகம் பார்க்கத் தெரியாது, வழக்குப் பார்க்கத்தான் தெரியும். "உவன் போன கிழமை கப்பலில வந்தனெண்டான், இண்டைக்கு பிளேன் எண்டுறான். முடிஞ்சுது, நிராகரிப்புத்தான்" என்பார் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா. சோகக் காட்சியில் நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று ஆசிரியைக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் விடுதிக்காரியை மட்டும் யாரும் விசாரிக்க அக்கா விடமாட்டார். "அவவை விடுங்கோ. அவ ஆருக்கு என்ன செய்தவ?"

அக்கா பகலில் பாண் சுடும் ரொட்டித் தொழிற்சாலையில் பொதி கட்டினார். டொச் பரீட்சையில் தேறினால் இலையுதிர் காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதிப் பயிற்சிக்கு இடம். தேறாவிட்டால் திரும்பவும் பாண். நான் பீட்சாக் கடை அடுப்படியில் நின்றேன். தடித்த நாவல்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்ததால் பரீட்சை எனக்குத் தூசு என்றொரு நினைப்பு.

வாய்மொழிப் பரீட்சைக்கு இரண்டிரண்டு பேராக அழைத்தார்கள். அக்காவும் நானும் சோடி. பிடித்த நிகழ்ச்சி ஒன்றைப் பற்றிச் சொல்லும்படி கேட்டார் கண்ணாடி போட்ட பரீட்சகர். அக்கா தீவையும் கடலையும் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தினார். பரீட்சகருக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது. "சரி, அந்த விடுதிக்காரியின் இரகசியம் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"அக்கா, அது நாடகம்" என்று தமிழில் முணுமுணுத்தேன். "நாடகமெண்டா என்ன, அவவும் வந்த மனிசிதானே" என்று முணுமுணுத்துவிட்டு அவர் டொச்சில் தொடங்கினார். பிழையும் சரியுமாக, மூச்சு விடாமல். ஏன் வந்தாள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் வேலை செய்கிறாள், வரி கட்டுகிறாள், பக்கத்து வீட்டு நாய்க்கும் சோறு வைக்கிறாள். ஒரு மனிசியைப் பற்றி இதற்குமேல் உங்களுக்கு என்ன தெரியவேண்டும், ஐயா? பரீட்சகர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு, தப்பிப் பிழைக்கும் ஆசையோடு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அழகான வசனம் ஒன்றுகூட நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினேன். "நானும் சொல்ல மாட்டேன்" என்றேன். என் வாழ்க்கையின் ஒரே வீரச்செயல் அவ்வளவு சுருக்கமாக முடிந்தது.

வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். "எனக்குத்தான் விசர் பிடிச்சுது தம்பி, உனக்குமோ?"

அக்கா தேறினார், அவ்வளவு நேரம் வாதாடியவருக்குப் புள்ளி போட இடம் இருந்தது. நான் தவறினேன், மூன்று சொல்லுக்கு அவர்களாலும் என்ன போட ஏலும்? அடுத்த வருடம் கால்பந்தாட்டத்தைப் பற்றி ஏதோ உளறித் தேறினேன். அப்படித் தேறியதை நான் எங்கேயும் சொல்லித் திரிவதில்லை. தோல்வியைத்தான் சொல்லுவேன்.

இன்று அக்கா அதே முதியோர் இல்லத்தில் ஒரு மாடிக்குப் பொறுப்பு. பிள்ளைகளிடம் சொல்லாததை எல்லாம் கிழவர் கிழவிகள் அவரிடம் சொல்கிறார்களாம். பிள்ளைகள் நடைவழியில் மறித்துக் கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். இந்தக் கதையை நான் கலியாண மண்டபங்களில் சொல்லும்போதும் யாராவது ஒருவர் கிட்ட வந்து, விடுதிக்காரி அப்படி என்னத்தைத்தான் ஒளித்தாள் என்று கேட்பார். உங்களுக்கும் கேட்கத் தோன்றும்.

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.