நான் மாற்றி வாசித்த பக்கம்

போன வாரம் விடுதிக்குப் பெட்டி கட்டிக்கொண்டே என் மகள், கூடப் படிக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னாள். ஒரு மாதமாக அவன் பேசுவதில்லையாம். எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறானாம். “நேராப் போய்க் கேட்டுரட்டாம்மா?” என்றாள். கேள் என்று சொல்ல எந்த அம்மாவுக்கும் ஒரு நொடி போதும். நானோ பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினேன். பஸ்சுக்கு நேரமாகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து போன் அடித்தால், எடுப்பதற்கு முன் இரண்டு மணி அடிக்க விடுகிறேன்.

எனக்குப் பதினொரு வயதில் நடந்தது இது. போடியில் எங்கள் வீட்டு முன்அறையில் தினமும் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்குவார்கள். வியாபாரிகளிடமிருந்து அப்பா மூட்டையை வாங்கி வந்து போடுவார். வெடித்த காய், வெளுத்த காய், பச்சை மாறாத காய் என்று முறத்தில் பிரிக்க வேண்டும். கையும் கண்ணும் காயில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்கு மாத நாவல் வாசிப்பது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துவிடுவேன்.

அந்த மாதக் கதையில் கதாநாயகி தன் அண்ணனோடு கடற்கரையில் நடந்து போகிறாள். வெளிநாட்டிலிருந்து அன்றுதான் வந்த அண்ணன். கதாநாயகன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விடுகிறான். பணக்காரப் பெண் கிடைத்துவிட்டதால் போய்விட்டான் என்று இவள் இங்கே அழுகிறாள். இப்படியே அறுபது பக்கம்.

“அடி கூறுகெட்டவளே, அது எங்கண்ணேன்னு ஒரு காயிதம் போட்டா என்னடி?” என்று ஒரு அக்கா முறத்தைத் தட்டுவாள்.

“போட்டுட்டா பொஸ்தகம் அங்கனயே முடிஞ்சிருமே. பெறகு நீ என்னத்தக் கேப்ப?” என்பாள் இன்னொருத்தி.

அவர்களுக்கு அது சிரிப்பு. எனக்குத் தூக்கம் வராது. ஒரே ஒரு வாக்கியத்தில் தீரக்கூடியதை ஏன் தீர்க்க மாட்டேன் என்கிறார்கள் என்று நினைத்து நினைத்துப் புரண்டு படுப்பேன். அதற்குக் காரணமும் உண்டு. எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கதை நடந்துகொண்டிருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்தப் பெண்களோடுதான் காய் பொறுக்குவாள். அப்பாவுடைய தாய்மாமன் மகனுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவர் மலையில் ஒரு தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் சூப்பர்வைசர். எனக்கு மாமா முறை. ஒரு சித்திரைத் திருவிழாவில் அவர் எதிரே வந்தபோது, பக்கத்தில் அப்பா நின்றதால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. “மொகத்தத் திருப்புனத மனசுல வச்சிக்கிட்டாரு” என்று அத்தை அம்மாவிடம் சொல்வாள். அவரையே நினைத்து அவள் மறுத்ததில், வந்த இரண்டு சம்பந்தங்களும் தட்டிப்போயின.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாததை வாசித்தேன். கதாநாயகி பெங்களூருக்கு ரயில் ஏறினாள். அவன் அலுவலகத்துக்கே போய் நின்றாள். ‘அவர் என் அண்ணன். எனக்கு உங்களைத்தான் பிடித்திருக்கிறது’ என்றாள். அவன் கண் கலங்கினான். முற்றும்.

“அம்புட்டுதானா?” என்றார்கள் அக்காமார்கள்.

அத்தையின் கை மட்டும் நின்றிருந்தது. “அவளா வந்து நின்னதுக்கு அவன் கேவலமா நெனைக்கலையா?” என்றாள்.

இல்லாத வரியை விரலால் தேடினேன். “‘இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்றான்’னு போட்டிருக்கு அத்தே.”

இரண்டு நாள் கழித்து, ராசிங்காபுரத்தில் பிள்ளை பெற்ற சிநேகிதியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அத்தை கிளம்பினாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் ஜீப் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஏலக்காய் பறிக்க மலைத் தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் நடுவே, வாடாமல்லி நிறச் சேலையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், “வீட்ல சொல்லிறாத. சாயங்காலம் வந்துருவேன்” என்றாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் மலை இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்து மணிக்கெல்லாம் வேலைக்குப் போன ஜீப்புகள் திரும்பத் தொடங்கின. அத்தை வரவில்லை. மலைப்பாதையில், போடிமெட்டு வளைவில் ஒரு ஜீப் கவிழ்ந்துவிட்டதாகத் தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தைதான் ராசிங்காபுரம் போயிருக்கிறாளே. நான் மட்டும் வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் போய், நனைந்து திரும்பி வந்தார். “அங்க வரவே இல்லைங்கிறாக” என்றார். அவர் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது.

ஒரு வாக்கியம் போதும். ‘அத்தை மலைக்குப் போனாள்.’ வாயைத் திறந்தால், ஏன் போனாள் என்று கேட்பார்கள். ஏன் என்றால் என் பொய் வரும். கவிழ்ந்த ஜீப்பில் அவள் இருந்தால், அவளை ஏற்றி அனுப்பியது நான்தான் என்றாகும். அறுபது பக்கம் பேசாமலிருந்த கதாநாயகியை நினைத்துத் தூக்கம் கெட்டவள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அம்மாவிடம் அடுப்படியில் வைத்துச் சொல்லிவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். “உங்கப்பாகிட்ட மூச்சு விட்றாத.” பிறகு வெளியே போய் அப்பாவிடம், “எதுக்கும் ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் வெரசாப் போயிப் பாத்துட்டு வாங்களேன்” என்று மட்டும் சொன்னாள்.

அப்பா செருப்பை மாட்டும்போதே அத்தை வாசலில் வந்து நின்றாள். சேலை முழங்கால் வரை சேறு. ஜீப் கவிழவில்லையாம்; சேற்றில் இறங்கி நின்றுவிட்டதாம்.

“எங்க ஆத்தா போன?” என்றார் அப்பா.

“மேல மலைக்குண்ணே. அவரப் பாத்துக் கேட்டுட்டு வந்துட்டேன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அப்பா செருப்பைக் கழற்றினார். அதைச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, “என்ன சொன்னான்?” என்றார்.

“கோவமே இல்லையாம். திருவிழாவுல மொகத்தத் திருப்புனது ஞாபகமே இல்லைன்னாரு.” அத்தை சேலை நுனியைப் பிழிந்தாள். “டீ வாங்கிக் குடுத்தாரு. மழைக்கு முன்ன எறங்கிருன்னு, அவரே ஜீப்புல எடம் பிடிச்சுக் குடுத்தாரு.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோபம் இல்லை. டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எந்த நாவலிலும் இது கடைசிப் பக்கம். “அப்ப கல்யாணம் எப்பம்மா?” என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றியிருந்தது.

மறுநாள் அத்தை வழக்கம்போல முறத்தோடு உட்கார்ந்தாள். புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். ராத்திரி தானே எழுத்துக்கூட்டிப் பார்த்து, நான் பொய் சொன்ன பக்கத்தில் மடித்திருந்தாள்.

“இதுல இருந்து வாசி. உள்ளத உள்ளபடி வாசி.”

“அது முடிஞ்சிருச்சுல்ல?” என்றாள் ஒரு அக்கா.

“இல்லக்கா. பிள்ள பக்கத்தத் தாண்டிருச்சு. அவ இன்னும் ரயிலு ஏறல.”

காது சுட, தலை குனிந்து வாசித்தேன். கதாநாயகி மறுபடியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவன் தன்னைத் தப்பாக நினைத்துவிட்டான் என்று அழுதாள். கடிதம் எழுதிக் கிழித்தாள். அக்காமார்கள் பழையபடி திட்டத் தொடங்கினார்கள். “வாயத் தொறந்து கேக்குறாளா பாரு, ஊமக் கழுத!”

“இருக்கட்டும் விடுங்கக்கா” என்றாள் அத்தை, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னுங் கொஞ்ச நாளு அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும்.”

மிச்சப் பக்கங்களை மெதுவாக வாசிக்கச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்றாள். பொய் சொன்னதற்கு அத்தை எனக்குக் கொடுக்கும் தண்டனை அது என்றுதான் அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.