சைனிக்புரியில் காபிக்கு முன்

காபி குடிக்காத மனிதர்களின் கையைப் பிடிப்பதுதான் என் தொழில். லேபிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறவள் நான். வெறும் வயிற்றோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு ஆறுதலாக ஒன்று: நானும் குடித்திருக்க மாட்டேன். விடிகிற அந்நேரத்தில் செகந்திராபாத்தின் சைனிக்புரி பாதித் தூக்கத்தில் இருக்கும். காகிதப்பூ மதில் தாண்டி வழிந்து கிடக்கும். கனவை முழுசாக உதறாமல்தான் கதவைத் திறப்பார்கள்.

பனிமலை

சுபேதார் ஐயா வேலூர்ப் பக்கத்துக்காரர். எல்லையில் பனிமலைக் காவலுக்கு நின்றவருக்கு ஊசி என்றால் உதறல். கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த மலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். பனி விழும்போது சத்தமே இருக்காதாம். பக்கத்தில் நிற்பவரின் மூச்சு மட்டும் கேட்குமாம். கேட்கக் கேட்க என் விரலே சில்லிட்டுப் போகும். ஒருநாள் பஞ்சை வைத்து அழுத்தி, முடிந்தது என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"கொஞ்சம் இரும்மா, நான் இன்னும் மலைய விட்டு எறங்கல."

காருக்குள்

கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பிரியா, பெல் அடிக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். கேட்டுக்கு வெளியே நின்ற காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு கையை நீட்டினாள். கர்ப்பமா என்று பார்க்கும் டெஸ்ட். முன்பு ஒருமுறை எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லி, பிறகு இல்லையென்றும் அவளே சொல்ல வேண்டி வந்ததாம். அதனால் இந்தத் தடவை கூடவே இருக்கும் மாமியாருக்குக்கூடத் தெரியக் கூடாது. கண்ணாடியெல்லாம் மூடுபனி. உலகத்தில் நாங்கள் இருவர் மட்டுமே மிச்சம் என்பதுபோல் இருந்தது.

ரிசல்ட் நல்லபடியாக வந்தது. சில மாதம் கழித்து சர்க்கரை டெஸ்டுக்கு அதே வீட்டில் கூப்பிட்டார்கள். இந்த முறை பெல் அடித்தேன். மாமியார்தான் கதவைத் திறந்தார். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அன்னைக்கு ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். அவளா சொல்லட்டும்னு போய்ப் படுத்துட்டனுங்க."

நேஹா

ஜோசப் அண்ணன் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த பாங்க்காரர். அவருடைய சின்ன மகள் நேஹாவுக்கு டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனதால் தினமும் விடிந்ததும் போனேன். குழந்தை அப்பாவின் தோளில் துவண்டு கிடக்கும். ஊசி ஏறும்போது லேசாகக் கண் திறந்து, வேண்டாம் என்பதை ஊர் இந்தியில் "நக்கோ" என்று முனகிவிட்டு மறுபடி மயங்கிவிடும். இன்றாவது பிளேட்லெட் ஏறியிருக்குமா என்று அண்ணன் கேட்பார். குழந்தையின் காலைத் தடவிவிட்டுக் கிளம்புவேன்.

ஒருநாள் ஏறத் தொடங்கியது. அதற்கடுத்துப் போனபோது நேஹா எழுந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிற பிள்ளை. என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, நான் நிஜமா என்று அப்பாவிடம் விசாரித்தாள்.

"டாடி, யே ஆன்ட்டி சச்சி மே ஹை க்யா?"

விடியலில் இவ்வளவு மனசுவிட்டுப் பேசுகிறவர்கள்தான், சாயங்காலம் காய்கறிக் கடையில் என்னைக் கண்டதும் சொல்லிவைத்தாற்போல் முழங்கையை மடக்கிக்கொள்கிறார்கள்.