ஏரியில் விழுந்த விமானம்

பிள்ளைகளே, நான் தாம்பரத்தில் ஆட்டோ ஓட்டிய காலம் அது. ஒரு கோடை ஞாயிற்றுக்கிழமை, படப்பைப் பக்கம் வறண்டு கிடந்த ஏரிக்குள் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு சின்ன விமானம் சத்தமே இல்லாமல் தாழ்ந்து வந்தது. சிதறி ஓடினோம். அது தரையில் மோதி, ஒரு இறக்கை முறிந்து, கதவு அடியில் மாட்டிக்கொள்ளும்படி சாய்ந்து விழுந்தது.

உள்ளே யாரோ தட்டுவது கேட்டது. ஆனாலும் தள்ளியே நின்றோம்.

"கிட்ட போவாத மச்சான், டேங்க் வெடிச்சிடும்!" என்றான் ஒரு நண்பன்.

உடைந்த கண்ணாடி வழியே விமானி கத்தினார். "வெடிக்காதுங்க! பெட்ரோல் தீர்ந்துதான் விழுந்தோம். ஒரு சொட்டு இல்ல! உள்ள குழந்தை இருக்கு, வாங்க!"

அவ்வளவுதான், பாய்ந்தோம். கவிழ்ந்த ஆட்டோவை நிமிர்த்துவது எங்களுக்குப் புதிதா என்ன? அதே மாதிரி வரிசையாக முதுகைக் கொடுத்து, "தூக்கு! தூக்கு!" என்று ஒரே மூச்சில் நெம்பினோம். விமானம் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. கதவைப் பிடித்து இழுத்தோம். இடுப்பில் சிறுமியோடு ஓர் அம்மா வந்தார்; பின்னால் அப்பா; கடைசியில், நெற்றியில் ரத்தத்தோடு விமானி. எல்லாரும் உயிரோடு!

"இன்னா சார், ரிசர்வ்ல போட்டுப் பாக்கலியா? நம்ம ஆட்டோ மாதிரி ஒரு பக்கமா சாய்ச்சிருந்தா கொஞ்சம் வந்திருக்குமே!" என்றான் அதே நண்பன்.

விமானி அழுதுகொண்டே சிரித்தார்.

சிறுமியைத் தோளில் வைத்துக் கரையேறினேன். சத்தம் கேட்டு ஊர்ச்சனம் கூடியிருந்த கரை முழுக்க விசில் பறந்தது. எந்த மேட்ச் ஜெயித்தும் எங்களுக்கு அப்படி ஒரு விசில் கிடைத்ததில்லை.