சோளத்தட்டும் கிளுவையும்

நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீட்டுப் புழக்கடையைச் சுற்றிச் சப்பாத்திக்கள்ளி ஆளுயரத்துக்கு மேல் நின்றது. யாரும் நட்டதில்லை. பாம்பு அடையும் என்று என் மாமியார் திட்டிக்கொண்டே இருப்பார். ஆனாலும் அந்தக் கள்ளியின் மறைவில்தான் நாங்கள் இருவரும் குளித்தோம்.

மறுவருஷம் கள்ளியில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு பூச்சி அடைந்தது. நசுக்கினால் விரலெல்லாம் குங்குமச் சிவப்பு. காடுகளில் மண்டிய கள்ளியை அழிக்கச் சர்க்காரே விட்ட பூச்சி என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் கள்ளியும் மடல் மடலாகச் சுருங்கி, அழுகி விழுந்தது. சங்ககிரிப் பாதையில் போகிறவர்களுக்கெல்லாம் எங்கள் தண்ணீர்த் தொட்டியும் துவைகல்லும் தெரிந்தன.

வெளிச்சம் வருமுன் குளிக்க வேண்டியதாயிற்று. மார்கழியில் மாமியாருக்கு இருமல் பிடித்ததும் என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"ஏனுங்க, பொடக்காலிக்கு ஒரு வேலி போடுங்க. அத்தைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு."

அவர் திருச்செங்கோட்டுக்குப் பருத்தி மூட்டை ஏற்றி வண்டி ஓட்டுபவர். அன்றிலிருந்து வழியில் இருந்த வேலியெல்லாம் அவர் கண்ணில் பட ஆரம்பித்தது. ஒவ்வொரு முறையும் ஒரு புது யோசனையோடு வந்து இறங்குவார்.

"பலகைக்கல்லு நட்டுட்டா பேரன் காலத்துக்கும் நிக்கும் புள்ள" என்றார். கல் ஏற்றினால் வண்டி அச்சு தாங்காது என்று மறுநாள் அவரே விட்டுவிட்டார். அடுத்த முறை கற்றாழை.

"அது இடுப்புக்குத்தானுங்க வரும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

வேலமுள் வெட்டிப் போட்டுப் பார்த்தோம். ஆடு வரவில்லை, மறைப்பும் இல்லை. காயப்போட்ட சேலைதான் கிழிந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "கிளுவைப் போத்து நடு அம்மிணி. முள்ளும் ஆச்சு, மறைப்பும் ஆச்சு. ஆனா தழைஞ்சு வர்றதுக்குப் பொறுக்கோணும்" என்றார். அதுவரைக்கும் தட்டி கட்டிக்கொள்ளச் சொன்னார்.

போத்து என்றால் வெட்டி ஊன்றினால் துளிர்க்கும் கிளை. அதை நட மழை வேண்டும். அதனால் மாசியில் முதலில் சோளத்தட்டை அடுக்கி, பனை நாரால் கட்டித் தட்டி போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. கிட்டே போனால் வெல்ல வாசனை அடித்தது. அந்த வாசனை எங்கள் எருமைக்கும் பிடித்திருந்ததை நாங்கள் யோசிக்கவில்லை.

பங்குனி வெயிலில் ஒருநாள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். கரக் முரக் என்று சத்தம். கண் எரிய எரியத் திறந்து பார்த்தால், தட்டியில் பெரிய ஓட்டை. அதில் எருமையின் முகம், அதன் வாயில் மிச்சத் தட்டு. எருமைக்குப் பின்னால் பாதை. பாதையில் ஒரு வண்டி வருகிறது.

"அக்கா!" என்று கத்தினேன். அவர் கொடியில் கிடந்த ஜமுக்காளத்தை உருவிக்கொண்டு ஓடி வந்து என் மேல் போட்டார். எருமையை விரட்டப் போனவர் சிரிப்புத் தாங்காமல் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். ஜமுக்காளத்துக்குள் நானும் சிரித்தேன். எருமை தின்றுகொண்டே இருந்தது.

அப்புறம் பனையோலைத் தட்டி. கோடைமழை விழுந்ததும் அதற்கு வெளியே என் வீட்டுக்காரர் கிளுவைப் போத்துகளை நெருக்கி ஊன்றினார். ஆடியில் துளிர்த்தன. அடுத்த கோடையில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்றபோது, "பட்டுப்போச்சு புள்ள" என்று பிடுங்கப் போனார். நான் ஒரு போத்தை நகத்தால் கீறிக் காட்டினேன். உள்ளே பச்சை.

"அட, உசுரு இருக்குது" என்று கையை எடுத்தார்.

அந்த வருஷ மழையில் கிளுவை தோளைத் தாண்டியது. கோடையிலும் மறைக்கட்டும் என்று நெடுகக் கோவைக்கொடி ஏற்றிவிட்டேன். ஓலைத் தட்டியைப் பிரித்து அடுப்பெரித்தோம். என் வீட்டுக்காரர் போகிற ஊரிலெல்லாம் வண்டியை நிறுத்தி, கிளுவையைப் போல் வேலி இல்லை என்று தாமே கண்டுபிடித்த மாதிரி சொல்லிவந்தாராம்.

நான் வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து, உச்சி வெயிலில், தொட்டித் தண்ணீர் பாதி தீரும்வரை குளித்தேன்.

"இன்னுமா முடியல?" என்று உள்ளிருந்து மாமியார் குரல் வரும்.

"வாரேனுங்கத்தை" என்று சொல்லிவிட்டு, இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றிக்கொள்வேன்.